நிலவறைக்கு மேலே

ஜூலை 26, புதன்

பாம்பெர்க் வந்து சேர்ந்தேன். மூன்று வண்டி மாறினேன், மூன்றும் தாமதம். ரயில் ஓட்டுகிறவளின் அம்மா என்பதால் யாரையும் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஹின்னர்க் வரவில்லை. முட்டி வலியாம். கல்யாணமான நாள் முதலாக அந்த முட்டி, பயணம் என்ற பேச்சு எடுத்தால் மட்டுமே வலிக்கிறது. போகட்டும், வீட்டில் இருந்து பூனைக்குச் சோறு வைக்கட்டும்.

என் மகள் இன்ஸா ரயில் ஓட்டுநர் சீருடையோடு நடைமேடையில் நின்றாள். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஓடி வந்திருக்கிறாள். கட்டிக்கொண்டேன், விட மனசு வரவில்லை. பக்கத்தில் லோரென்ஸ். வருகிற வசந்தத்தில் என் மாப்பிள்ளை ஆகப் போகிறவன். உயரம், பேச்சு குறைவு, காது மடல்கள் வெயிலில் வெந்து சிவந்திருக்கின்றன. காய்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பையன். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, அதன் கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நடந்தான். அதற்கு ஒரு மதிப்பெண்.

ரொட்டிக் கடைக்கு மாடியில் அறை. வீட்டுக்காரம்மாவிடம் வடக்கே கடலோரத்து எங்கள் லேர் வழக்கப்படி, எந்த நேரத்துக்கும் பொருந்துகிற “மோயின்” என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அம்மா, இங்க அதைக் காலை வணக்கம்னு நினைப்பாங்க. சாயங்காலத்துல சொல்லாத,” என்றாள் இன்ஸா.

“வேற என்ன சொல்றதாம்?”

“‘கடவுளுக்கு வணக்கம் சொல்லு’ன்னு சொல்லணும்.”

“அவரைப் பார்த்தா சொல்றேன்,” என்றேன்.

ஊரில் எல்லோரிடமும் சுற்றுலா என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். எம்டன் ரயில் பணிமனையில் ஓட்டுநர் வேலை ஒன்று காலியாகிறது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். இன்ஸாவின் அறை அவள் விட்டுப்போனபடியே இருக்கிறது. படுக்கை விரிப்பை மாதம் தவறாமல் மாற்றுகிறேன். பையன் வீட்டு மனிதர்களைப் பார்ப்பேன். அவர்கள் என் பெண்ணை அருமையாக வைத்துக்கொள்கிறவர்கள் இல்லை என்று தெரிந்தால், ‘புருஷனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு’ என்று கேட்டுவிடுவேன்.

(வைத்துக்கொள்கிறவர்களாகவே இருந்தால்? கேட்காமல் இருப்பேனா? தெரியாது.)

ஜூலை 27, வியாழன்

இன்ஸாவுக்கு வேலை. தனியாகச் சுற்றினேன். தேவாலயத்தையும், ஆற்றின் நட்ட நடுவில் கட்டி வைத்திருக்கும் பழைய நகர மன்றத்தையும் பார்த்தேன். இரு கரையிலும் இடமிருக்க, தண்ணீருக்குள் போய்க் கட்டுவானேன்? ஆனாலும் அழகு. சொல்லாமல் இருக்க முடியாது.

அதற்கப்புறம் கண்டேன் என் பொக்கிஷத்தை. பழைய கால்வாயில், கையால் இயக்குகிற மதகு! ஆயுசு முழுக்கத் துறைமுக மதகில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் படகுகளை ஏற்றி இறக்கியவளுக்கு வேறென்ன வேண்டும்? மற்றவர்கள் கோபுரங்களைப் படம் எடுத்தார்கள். நான் கதவின் கீலையும் பற்சக்கரத்தையும் எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன். பொழுது போனதே தெரியவில்லை.

மாலையில் அவர்களுடைய புகைவாசனை பீர். பரிமாறிய பெண் கொண்டு வந்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியூர்க்காரர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்களாம், அது அவளுக்கு தினசரி வேடிக்கை. எனக்கோ எங்கள் ஊரில் புகை போட்ட விலாங்கு மீனைக் குடிப்பது போல இருந்தது. ஒரே மூச்சில் பாதி காலி. பாவம், ஏமாந்து போனாள்.

ஜூலை 28, வெள்ளி

கால் வலி. இந்த ஊரில் ஏழு மலை. எங்கள் ஊரில் கடலணைதான் மலை, அதில் ஆடு மேயும். ஏழு எதற்கு?

ஜூலை 29, சனி

லோரென்ஸின் அம்மா வால்புர்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் மணி மாதிரி. இந்தப் பக்கத்துப் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. இங்கே ‘ட’வும் ‘த’வும் ஒரே கூழ். ஞாயிற்றுக்கிழமை மதியம் சந்திக்கலாம் என்றாள்.

“ஷ்டெஃபான் மலையில நிலவறை மேல இருப்போம், சம்பந்தியம்மா. சாப்பாடு நாங்க கொண்டாந்துடுவோம். நீங்க கைய வீசிட்டு வந்தா போதும்.”

நிலவறை மேலே என்கிறாள். உள்ளே என்பதற்கு மேலே என்பது தெற்கத்தி இலக்கணம் போலிருக்கிறது. விருந்தாளியை நிலவறையில் உட்கார வைத்தா சாப்பாடு போடுவார்கள்? எங்கள் ஊர் வீடுகளில் நிலவறையே கிடையாது. ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வந்து நிற்கும். அது என்ன மாதிரி இடமோ, ஆசையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பெரிய சேதி சொல்கிறவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுக்காரர் ஓட்மார்கிட்ட கேட்டேன், இன்ஸாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு. என்ன சொன்னார் தெரியுமா? ‘பரவாயில்ல’ன்னார்.”

ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று போனை வைத்தேன்.

பரவாயில்லையாம். என் பொண்ணு பரவாயில்லையாம்! ராத்திரி பகல் பார்க்காம படிச்சு, முந்நூறு பேரை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டற பொண்ணு. முட்டைக்கோசு விக்கிறவருக்கு அவ பரவாயில்ல. அதைச் சொல்ல ஒரு போன் வேற.

இன்ஸாவிடம் சொல்லவில்லை. ஆனால் நாளை முடிந்ததும் எம்டன் பேச்சை எடுப்பேன்.

ஜூலை 30, ஞாயிறு

உடம்பு இன்னும் நடுங்குகிறது. குளிரிலா, கோபத்திலா?

புதுசாக வாங்கிய பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டு வந்த தேயிலை டப்பாவும் கற்கண்டும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மலையேறி மூச்சு வாங்க, எதிரே வந்தவரிடம் நிலவறை எங்கே என்று கேட்டேன். “எந்த நிலவறை? மலை முழுக்க நிலவறைதான்,” என்று சிரித்தார். மலைக்கு அடியில் போகிறது என்றேன். ஓர் இரும்புக் கதவைக் காட்டினார்.

அங்கே ஒரு கூட்டம். விளக்கோடு ஓர் இளைஞன், என் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தான். கைபேசியை அணைக்கச் சொன்னான். டோட்டர்வைஷ் குடும்பம், அதாவது லோரென்ஸ் வீட்டார், உள்ளேதானே என்று கேட்டேன். எல்லோரும் உள்ளேதான் போகிறோம் என்றான். போனேன். ஈரமும் இருட்டும், மார்கழிக் குளிர். மணற்பாறையைக் குடைந்து குடைந்து, ஒரு வழி நாலாகப் பிரிகிறது. அந்தக் காலத்தில் பீரை அங்கே குளிர வைத்தார்களாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மேசை இருக்கும், மேசையில் விரிப்பு இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு பருத்த மனிதரிடம் “நீங்கதான் லோரென்ஸோட அப்பாவா?” என்றுகூடக் கேட்டேன். அவர் டோர்ட்மண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவராம். பல் கிட்டிப்போய் நின்ற எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தேன். நல்ல மனிதர்கள்.

மேசையுமில்லை, சம்பந்தியுமில்லை. வரச் சொல்லிவிட்டு வரவில்லை. வெளியே வந்தவள் நேராக அறைக்கு வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டேன். எங்களை என்னன்னு நினைச்சாங்க? கடலோரத்துப் பஞ்சைகள்னா?

அதே நாள், சாயங்காலம்

இன்ஸா வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை, முகம் சிவந்து கிடக்கிறது. லோரென்ஸ் மதியம் முழுக்க ஆற்றங்கரையில் என்னைத் தேடினானாம். கைபேசியைத் திரும்பப் போட மறந்திருக்கிறேன்.

“அவங்க எல்லாரும் உனக்காக உக்காந்திருந்தாங்கம்மா. அத்தை விடியக்காலையில எழுந்து உனக்குன்னு வெங்காயத்துல கறி அடைச்சு வச்சிருந்தாங்க. அது ஆறிப்போய், ‘வடக்கத்திக்காரங்களுக்கு நம்ம சாப்பாடெல்லாம் எங்க பிடிக்கப் போவுது’ன்னு மூட்டை கட்டிட்டாங்க.”

“நான் அங்கதான்டி இருந்தேன்!”

“அவங்களும் அங்கதான் இருந்தாங்க!”

கொஞ்ச நேரம் இப்படியே கத்திக்கொண்டோம். பிறகு அவள் மெதுவாக, “எங்க இருந்த?” என்றாள்.

“நிலவறையில. உள்ள.”

என் பெண் என்னையே பார்த்தாள். பிறகு சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்த ஊரில் நிலவறை என்றால் நிலவறைக்கு மேல் இருக்கிற தோப்பாம்! கீழே பீப்பாய் குளிர்வதற்காக மேலே மரம் வைத்தார்கள்; நிழல் வந்தது; நிழலில் பெஞ்சு போட்டார்கள். அங்கே போய் உட்கார்ந்து பீர் குடிப்பதுதான் ‘நிலவறை மேலே’ போவது. ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என்னிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு வால்புர்காவின் ஆறிப்போன வெங்காயம்தான் நினைவில் நிற்கிறது. ஒருத்தி எனக்காக விடியலில் எழுந்திருக்கிறாள், நானோ அவள் எங்களைப் பஞ்சை கிஞ்சை என்று நினைத்ததாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் ‘பரவாயில்ல’ என்றது என்றதுதானே. அதை நான் தப்பாகக் கேட்கவில்லையே.

ஜூலை 31, திங்கள்

காலையில் ரொட்டிக் கடை வாசலில் ஒரு மனிதர், தோட்டத்துச் செருப்போடு. தொப்பியைக் கழற்றினார்.

“ஓட்மார்.”

“ஹில்கே.”

“நேத்து கீழ இருந்தீங்களாமே.”

“ஆமா.”

“நாங்க மேல இருந்தோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க தலைக்கு நேர் மேல,” என்றார்.

அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முகத்தில் ஒரு கோடு அசையாமல் தோள் மட்டும் சிரிக்கிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் ரொட்டியும் கையுமாக நின்று பார்த்தார்கள்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வீடுகளுக்குப் பின்னால், நகரத்துக்குள்ளேயே நீள நீளமாகப் பாத்திகள். வால்புர்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், வந்தது வேறு. எங்கள் வீட்டில் நிலவறை கிடையாது, எங்கள் தெருவிலேயே கிடையாது, அதனால்தான் தெரியவில்லை என்றேன்.

கட்டின கை அவிழ்ந்தது. “நிலவறையே இல்லாத வீடா? அப்ப பீரை எங்க வைப்பீங்க?”

“டீ குடிப்போம்.”

“அய்யோ பாவமே,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது. பரிதாபப்பட்டு மன்னித்தாள், இருந்தாலும் மன்னிப்பு மன்னிப்புதான்.

வெங்காயம் மிதிக்கிற பருவமாம். தாள் நிமிர்ந்தே நின்றால் அடியில் காய் பெருக்காது, அதனால் காலில் பலகை கட்டிக்கொண்டு தாளைச் சாய்த்து மிதிக்கிறார்கள். இப்போது வீட்டுத் தேவைக்கு ஒரு பாத்தியில் மட்டும்தான். எனக்கும் பலகை கட்டிவிட்டார்கள். முதலில் வாத்து போல நடந்தேன். பிறகு அசைவு பிடிபட்டது. மதகுச் சக்கரத்தைச் சுற்றுகிற அதே தாளம். கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தி முழுவதும் மிதித்துத் தள்ளினேன். வெங்காய நெடி கண்ணைக் கரித்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி உடம்பு சந்தோஷப்பட்டு!

மூச்சு வாங்க நின்று, ஓட்மாரைப் பார்த்து எப்படி என்பது போலத் தலையை ஆட்டினேன். அவர் பாத்தியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

“பரவாயில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிச் சொல்ல ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் வால்புர்கா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

“என்ன சொன்னீங்க?” என்றாள் புருஷனிடம். பிறகு என்னிடம்: “கேட்டீங்களா? இந்தப் பாத்தியை நான் வருஷா வருஷம் மிதிக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கு அந்த வார்த்தை வந்ததில்ல. கல்யாணத்தன்னிக்கு கோயில் வாசல்ல என்னைப் பார்த்து சொன்னதோட சரி.”

பலகைக் காலோடு அவள் பக்கம் திரும்பினேன். “அப்ப... இன்ஸாவைப் பத்தி சொன்னது?”

“அன்னிக்கு நான் அடுப்படிக்குப் போய் சந்தோஷத்துல அழுதேன், சம்பந்தியம்மா. அதான் உங்களுக்குப் போன் பண்ணினேன்.”

ஓட்மார் இதெல்லாம் தன்னைப் பற்றியதே இல்லை என்பது போல ஒரு களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கும் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று சொன்னேன். நம்பினார்களா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

என் பெண் ஓட்டிய வண்டியில் போனேன்!

ஃபோர்ஹைமில் ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். சின்ன வண்டி, ஆற்றோடு வளைந்து போகிற ஒற்றைப் பாதை. செர்ரித் தோப்புகள், கிராமத்துக்கு ஒரு பீர் ஆலை, திடீரென்று வீட்டுக் கூரைகளுக்கு மேல் எழுந்து நிற்கிற பாறைகள். பாதி பார்த்தேன், மீதி நேரம் கண்ணாடி வழியாக அவள் பின்னந்தலையைப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரரிடம், ஓட்டுவது என் மகள் என்றேன். எதிர் இருக்கையிலும் சொன்னேன். கழிப்பறைக்குப் போய் வந்த ஒருவரிடமும் சொன்னேன்.

எம்டன் பேச்சை எபர்மன்ஷ்டாட்டில் இறங்கியதும் எடுப்பதாகத் தீர்மானம். நேற்றைய சந்தோஷத்துக்குப் பிறகும் அந்த ஆசை போய்விடவில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அறை சும்மா கிடக்கிறதே?

ஃபோர்ஹைமில் வண்டி கிளம்பும்போதே ஒலிபெருக்கி கரகரத்தது. “மோயின்!” என்றாள் இன்ஸா. வேலைக்குப் போகிறவர்கள், கூடை வைத்திருந்த பெண்கள், பள்ளி விடுமுறைப் பிள்ளைகள், அத்தனை பேரும் தலையைக்கூடத் தூக்காமல், பழகிப்போன குரலில், “மோயின்” என்றார்கள்.

கடவுளுக்கு வணக்கம் சொல்கிற ஊர் முழுவதும் எங்கள் வார்த்தையைச் சொல்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் விளக்கினார்: அந்தப் பொண்ணு வந்த புதுசில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இப்போது அவள் அதைச் சொல்லாத நாளில் வண்டி கிளம்பின மாதிரியே இல்லை என்று.

இறங்கினோம். அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு இருந்தது. செர்ரி வாங்கி, கொட்டையை ஆற்றில் துப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். என்னவோ சொல்லணும்னியே என்றாள். செர்ரி நல்லா இருக்கு என்றேன்.

ஆகஸ்ட் 2, புதன்

நிலவறை மேலே! கடைசியில்!

சரளைக்கல் தரை, கஷ்கொட்டை மரங்கள், நீள பெஞ்சுகள். எல்லோரும் வீட்டிலிருந்து கூடை கொண்டு வருகிறார்கள், பீர் மட்டும் அங்கே வாங்குகிறார்கள். வால்புர்கா திரும்பவும் வெங்காயத்தில் கறி அடைத்துக் கொண்டுவந்திருந்தாள், சுடச்சுட, துணியில் சுற்றி. இரண்டு தின்றேன், மூன்றாவதையும் தின்றேன். கதை ஊருக்குள் பரவிவிட்டது, பக்கத்து மேசையில் ஒருவர் தரையைக் காலால் தட்டி, “கீழ யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார். ஓட்மாரின் தோள்கள் குலுங்கின. லோரென்ஸ் முதல் முறையாக என்னை “அத்தை” என்று கூப்பிட்டான், பிறகு காது சிவந்தான்.

ஆகஸ்ட் 3, வியாழன்

அவர்கள் வீட்டில் நான் டீ போட்டேன். கற்கண்டு, மேலே பாலாடை, கலக்காமல். ஓட்மார் ஒவ்வொரு கோப்பையையும் காலி செய்தார், நான் ஒவ்வொன்றையும் நிரப்பினேன். என்ன ரசனை என்று பூரித்துப் போயிருந்தேன். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையாம். பாதி ராத்திரியாகியும் அவர் இன்னும் தூங்கவில்லை என்று இன்ஸா இப்போதுதான் சேதி அனுப்பினாள்.

சரிக்குச் சரி.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ரயிலில். அழவில்லை. சரி, கொஞ்சம்.

செப்டம்பர் 30, சனி. லேர்

பாம்பெர்கிலிருந்து பெரிய பொதி. தாளோடு பின்னின வெங்காயச் சடைகள். நான் மிதித்த பாத்தி என்று லோரென்ஸ் எழுதியிருக்கிறான். ஒவ்வொன்றும் ஹின்னர்க்கின் முஷ்டி பருமன். வசந்தத்தில் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவாராம்; முட்டி சரியாகிவிடும் என்று தானாகவே சொன்னார்.

வெங்காயத்தை எங்கே வைப்பது? ஈரம் ஆகாது, காற்று வேண்டும். நிலவறைதான் இல்லையே. இன்ஸாவின் அறையில் கட்டிலை மடக்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். அறைக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு கெஷே வந்தாள். கதவருகே நின்றுவிட்டாள். “அய்யய்யோ, இன்ஸா வந்தா எங்க படுப்பா?”

“கூடத்துல. விருந்தாளிங்க படுக்கிற இடத்துல.”

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. என் தோளைத் தொட்டு, அந்த ஊரும் மனிதர்களும் உண்மையில் எப்படி என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் வெங்காயங்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தேன்.

“பரவாயில்ல,” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றாள் கெஷே. முகத்தில் அவ்வளவு பரிதாபம். அவளை உட்கார வைத்து டீ ஊற்றினேன்.